உதித் நாராயண் நேபாளத்தில் யார்? கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்

இசைப்பித்தன்:
வெளிமாநிலப் பாடகர்களின் தமிழ் உச்சரிப்பு பற்றிய இழையில் உதித் நாராயண் பெயர் வந்ததும், ‘காதல் பிசாசே’ பாட்டின் ‘பரவாயில்லை’யைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். அங்கே பேச்சைத் திருப்ப விருப்பமில்லை, அதனால் தனி இழை.

நம்மில் பெரும்பாலோருக்கு அவர் ‘காதலன்’ படத்தில் (1994) எஸ்.பி.பி.யோடு பாடியவர், ‘முத்து’வில் ‘குலுவாலிலே’ பாடியவர், ‘சிவாஜி’யில் சஹானா பாடியவர். இந்திப் பக்கம் போனால் அமீர் கானின் குரல். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் அவருக்கு ஒரு பாட்டு வாழ்க்கை இருந்தது. 1970இல் காட்மாண்டுவில் ரேடியோ நேபாளில் மைதிலி நாட்டுப்பாடல் பாடகராகச் சேர்ந்தார். கிட்டத்தட்ட எட்டு வருடம் அங்கே. நாட்டுப்பாடலிலிருந்து மெல்ல நவீன நேபாளிப் பாடல்களுக்கு வந்தார், பிறகு நேபாளிப் படங்களுக்கு. பிற்பாடு அங்கே ஒரு படத்தில் மூன்று முக்கிய வேடங்களில் ஒன்றில் நடித்தும் இருக்கிறார்.

அவரைப் பற்றி எழுதும் யாரும் இந்தக் காலத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், ஏதோ பம்பாய்க்கு ரயில் ஏறும் முன் காத்திருந்த நேரம் மாதிரி. எனக்கு அது சரியாகப் படவில்லை. பம்பாய்க்குப் போய் இந்தியில் உச்சத்தில் இருந்தபோதும் அவர் நேபாளியில் பாடுவதை விடவில்லை. அப்படியென்றால் அது தனியாக ஓடிய இன்னொரு நதி. நேபாளத்தில் இருந்தவர்கள், அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

சுருதிப்பெட்டி:
இழை நல்லது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பாட்டு பாட வந்தால் தமிழைச் சரியாகப் பாட வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. கவிஞர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய வரி அது. ஸ்ரேயா கோஷலும் வெளியூர்தான், எவ்வளவு அக்கறையோடு பாடுகிறார்! உதித் நேபாளியில் எப்படிப் பாடினார் என்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நேபாளி அவர் தாய்மொழி, அதில் நன்றாகப் பாடியிருப்பார், அவ்வளவுதானே.

பிராட்நகர்வாசி:
@சுருதிப்பெட்டி, உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. நேபாளி அவர் தாய்மொழி கிடையாது!

நான் வேலை நிமித்தமாகக் கிழக்கு நேபாளத்தில், பிராட்நகரில் சில வருடம் இருந்தவன். அங்கிருந்து மேற்கே போனால் கோசி ஆறு வரும். ஆற்றின் குறுக்கே 60களின் தொடக்கத்தில் கட்டி முடித்த பெரிய தடுப்பணை. அதைத் தாண்டி மேற்குக் கரையில் கால் வைத்தால் சப்தரி மாவட்டம், முதலில் வரும் ஊர்களில் ஒன்று பர்தஹா. உதித்தின் ஊர் என்று நேபாளத்தில் சொல்வது இதைத்தான். மாவட்டத் தலைநகர் ராஜ்பிராஜ். மலை என்று எதுவும் கிடையாது. நெல், கரும்பு, மாந்தோப்பு, குளம், மீன். நேபாளம் என்றதும் நம் ஆட்களுக்குப் பனிமலையும் கூர்க்கா தொப்பியும்தான் நினைவுக்கு வரும். தெற்கே இந்தச் சமவெளியும் நேபாளம்தான். அங்கே வீட்டு மொழி மைதிலி. நேபாளிக்கு அடுத்து அந்த நாட்டில் அதிகம் பேர் பேசும் மொழி அது, மக்கள்தொகையில் சுமார் 11 சதவீதம்.

மைதிலி பெரிய இலக்கிய மொழி. கவிஞர் வித்யாபதியின் பாடல்கள் அறுநூறு வருடமாக அந்தப் பக்கத்துப் பெண்கள் வாயில் இருக்கின்றன. குழந்தை பிறந்தால் ஒரு பாட்டு, பெண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பும்போது ‘சம்தாவுன்’ என்று ஒரு பாட்டு. அந்த வழியனுப்பும் பாட்டை ஒரு கல்யாண வீட்டில் கேட்டேன், மொழி புரியாமலேயே தொண்டை அடைத்துவிட்டது. உதித்தின் தாயார் புவனேஸ்வரி தேவி நாட்டுப்பாடல் பாடுபவர். உதித்தின் குரலில் இருக்கும் அந்தச் சிரிப்பு கலந்த வளைவு, சுரத்தை லேசாகத் தொட்டுவிட்டு நழுவுவது, எல்லாம் அங்கிருந்து வந்தது என்பது என் காது சொல்வது.

இனி காலத்தைப் பாருங்கள். 1970 என்றால் மன்னராட்சியின் பஞ்சாயத்து காலம், அதாவது கட்சிகளே இல்லாமல் மன்னர் ஆண்ட காலம். ஒரே மொழி, ஒரே உடை, ஒரே நாடு என்பது அரசின் கொள்கை. ரேடியோ நேபாளில் 1965இல் இந்தி, நேவாரி (காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் நேவார் மக்கள் மொழி) செய்திகளையே நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் நேபாளி, அலுவலகத்தில் நேபாளி. சமவெளிக்காரர்களை மதேசி என்பார்கள், தலைநகரில் அவர்களைப் பாதி அந்நியராகப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அப்படிப்பட்ட காட்மாண்டுவுக்கு ஒரு மைதிலிப் பையன் போய், வானொலியில் தன் தாய்மொழிப் பாட்டைப் பாடிக்கொண்டே நேபாளி கற்று, பிறகு அந்த மொழியிலேயே காதல் பாட்டின் குரலாக ஆனான். அந்த ஏற்றம் எவ்வளவு கடினம் என்பது அந்த மண்ணில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் தமிழுக்கு மட்டும் அந்நியராக வரவில்லை. நேபாளிக்கும் இந்திக்கும்கூட வெளியிலிருந்து வந்தவர்தான். பாடத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு மொழி.

சுருதிப்பெட்டி:
இது எனக்குப் புதிய செய்தி, நன்றி. ஆனால் உங்கள் வாதம் எனக்குத்தான் உதவுகிறது! நேபாளியையும் இந்தியையும் கற்றுக்கொண்ட மனிதர் தமிழுக்கும் அந்த உழைப்பைக் கொடுத்திருக்கலாமே?

பிராட்நகர்வாசி:
காட்மாண்டுவில் வருடக்கணக்கில் வாழ்ந்தார், ரத்ன ராஜ்ய லட்சுமி கல்லூரியில் படித்தார். பிறகு பம்பாயிலேயே வாழ்க்கை. சென்னைக்கு வந்தது ஒலிப்பதிவுக்கு மட்டும். ஒரு மொழியில் குடியிருப்பதும் ஒரு மதியம் வந்துவிட்டுப் போவதும் ஒன்றல்ல. ஒலிப்பதிவில் உட்கார்ந்து திருத்தியிருக்க வேண்டியவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

மல்லிகைப்பந்தல்:
இடையில் ஒரு கேள்வி. அவர் இந்தியரா நேபாளியா? பத்ம விருது வாங்கியிருக்கிறாரே. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி போட்டிருக்கிறார்கள்.

பழைய ரேடியோ:
மல்லிகை, இதைப் பற்றி நேபாளத்தில் பெரிய மனத்தாங்கலே உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறந்த ஊராக இரண்டு பெயர்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று மேலே சொன்ன பர்தஹா. இன்னொன்று எல்லைக்கு இந்தப் பக்கம், பீகாரின் சுபௌல் மாவட்டத்தில் பைசி, அது தாய்வழி ஊர். தந்தை நேபாளக் குடிமகன், தாய் இந்தியர். பள்ளிப் படிப்பு சுபௌலில் எல்லையை ஒட்டிய குனௌலியில், கல்லூரி காட்மாண்டுவில். நமக்கு இது குழப்பமாகத் தெரியலாம். அந்தப் பகுதிக்காரர்களுக்கு இல்லை. 1950 ஒப்பந்தத்திலிருந்து எல்லை திறந்தே இருக்கிறது. கடவுச்சீட்டு இல்லாமல் காலையில் போய் மாலையில் வரலாம். பெண் கொடுப்பது, எடுப்பது, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாமே குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். மிதிலை என்ற ஒரே நிலத்தின் மேல் பிற்பாடு ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். ஒரு காலத்தில் சமவெளி நேபாளத்துக்காரர்கள் தங்கள் தலைநகருக்குப் போகவே இந்திய ரயிலில் எல்லை ஊரான ரக்சௌல் வரை வந்து, அங்கிருந்து மலைப்பாதை ஏறுவார்கள். அவ்வளவு பின்னிக்கிடந்த இடம்.

இன்னொரு தகவல். 1978இல் அவர் பம்பாய் போனது காட்மாண்டுவின் இந்தியத் தூதரகம் கொடுத்த இசை உதவித்தொகையில், பாரதிய வித்யா பவனில் சாஸ்திரிய சங்கீதம் படிக்க. அந்த உதவித்தொகை நேபாளிகளுக்கானது. ஆக, நேபாளி என்ற முறையில்தான் அவருக்கு இந்தியக் கதவு திறந்தது.

பிறகு 2001இல் மன்னர் பீரேந்திரா ‘பிரபல கோர்க்கா தட்சிண பாகு’ விருது கொடுத்தார். இந்தியா 2009இல் பத்மஸ்ரீ, 2016இல் பத்மபூஷண். பத்மஸ்ரீ சமயத்தில் எங்கே பிறந்தார் என்ற பேச்சு கிளம்பியது, அவர் பீகாரைச் சொன்னபோது நேபாளத்தில் பலருக்கு வலித்தது. நம்மவன் என்று கொண்டாடியவர்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தார்கள்.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2000 டிசம்பரில் காட்மாண்டுவில் ஹ்ரித்திக் ரோஷன் நேபாளத்தைப் பழித்தார் என்று ஒரு வதந்தி. அவர் மறுத்தும் கலவரம் ஆகி உயிர்கள் போயின. அடி வாங்கியவர்களில் இந்தியர் மாதிரி தோற்றம் கொண்ட மதேசிகள் பலர். அதாவது நேபாளத்தின் சொந்தக் குடிமக்கள், உதித் மாதிரி பெயரும் பேச்சும் கொண்டவர்கள். ‘நீ எந்த நாட்டவன்’ என்ற கேள்வி ஒரு மதேசி காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

மல்லிகைப்பந்தல்:
இவ்வளவு இருக்கிறதா! நன்றி ஐயா. நம் ராமேஸ்வரம், மன்னார்ப் பக்கம் கடல் நடுவில் கிடக்கிறது, அங்கே வயல் வரப்புதான் எல்லை போலிருக்கிறது.

மாதல் ரசிகன்:
யாராவது பாட்டைப் பற்றிப் பேசுவீர்கள் என்று காத்திருந்தேன், இனி நானே ஆரம்பிக்கிறேன்.

நேபாளித் திரையிசையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். ரொம்ப நாள் அந்தப் பாட்டுகள் நேபாளத்தில் பதிவாகவில்லை. நேபாளி மொழியின் முதல் படமே 1951இல் கல்கத்தாவில் தயாரானது. நேபாளத்துக்குள் எடுத்த முதல் படம் 1964இல், அரசாங்கமே எடுத்தது. 1966இல் வந்த முதல் தனியார் தயாரிப்பு ‘மைதிகர்’. அதற்கு இசை நம்ம இந்திப்பட இசையமைப்பாளர் ஜெய்தேவ்! லதா, ஆஷா, மன்னா டே, கீதா தத் எல்லோரும் நேபாளியில் பாடியிருக்கிறார்கள். லதா பாடிய பாட்டை எழுதியவர் மன்னர் மகேந்திரா. பல டிராக் வசதியுள்ள நல்ல ஒலிப்பதிவுக் கூடம் காட்மாண்டுவில் இல்லாததால் இசையமைப்பாளர்கள் ட்யூனைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்கு ஓடினார்கள். அங்கே கிடைத்த பாடகர்களுக்கு நேபாளி தெரியாது. நாம் உதித் பற்றிச் சொல்லும் குறையை அன்று நேபாள ரசிகர்கள் இந்திப் பாடகர்கள் பற்றிச் சொல்லியிருப்பார்கள்!

இந்த இடத்தில்தான் உதித் வருகிறார். பம்பாயிலேயே இருக்கிறார், பயிற்சி பெற்ற குரல், நேபாளி பேசுவார், பாடுவார். 1980இல் ‘சிந்தூர்’ படத்தில் சுஷ்மா சிரேஷ்டாவோடு ஒரு வேடிக்கைப் பாட்டு. (சுஷ்மாதான் பிற்பாடு பூர்ணிமா என்ற பெயரில் இந்தியில் பிரபலமானவர், அவரும் நேபாளி வேர் உள்ளவர்.) 1985இல் ‘குசுமே ருமால்’. துளசி கிமிரே இயக்கம், புவன் கே.சி., திருப்தி நாட்கர், உதித் நாராயண் மூவரும் நடித்தார்கள். நேபாளத்தில் பெரிய ஓட்டம் ஓடிய படம். இன்றும் அங்கே ஐம்பது வயதுக்காரர்களிடம் பெயரைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

இசை ரஞ்சித் கஜ்மேர். இவரைப் பற்றித் தனி இழையே போடலாம். டார்ஜிலிங்காரர். மாதல் என்ற நேபாளி வாத்தியத்தைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து ஆர்.டி. பர்மனிடம் வாசித்தவர். மாதல் சின்ன உருளை, இரண்டு முகம், இடுப்பில் கட்டிக்கொண்டு கிடைமட்டமாக வாசிப்பார்கள். 1971இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’வில் ‘காஞ்சி ரே’ பாட்டில் துள்ளும் தாளம் அதுதான். பர்மன் அந்தச் சத்தத்தை விடவே இல்லை. அப்படி இந்தி இசைக்குள் நேபாளத்தை ஓசையாகக் கொண்டுபோன ஒருவர், நேபாளிப் படத்துக்கு இசையமைக்கும்போது உதித்தின் குரலைப் பயன்படுத்துகிறார். இந்தப் பக்கம் மாதல் போகிறது, அந்தப் பக்கம் பம்பாயின் வயலின் கூட்டம் வருகிறது, நடுவில் உதித் நின்று பாடுகிறார்.

‘குசுமே ருமால்’ கால உதித்தை ஒரு முறை கேளுங்கள். குரல் மெலிசு, இளசு. 90களின் இந்திப் பாட்டில் எல்லா வரியிலும் புன்னகையை வைத்துவிடுவாரே, அது இங்கே கம்மி. வரியை நேராகப் பாடுகிறார், முடிவில் மட்டும் கொஞ்சம் வளைக்கிறார். எனக்கு அவருடைய எல்லாக் காலத்திலும் இதுதான் பிடித்த குரல். 1988க்குப் பிறகு இந்தியில் கிடைத்த வெற்றி அவர் பாணியைக் கொஞ்சம் இறுக்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

சுருதிப்பெட்டி:
அருமை. ஒரு எதிர்வாதம் வைக்கிறேன். நேபாளத்தின் மகா பாடகர் என்றால் எல்லோரும் நாராயண் கோபாலைத்தான் சொல்கிறார்கள். ‘ஸ்வர சாம்ராட்’ என்ற பட்டமே அவருக்கு. பெண்களில் தாரா தேவி, அருணா லாமா. அந்த வரிசையில் உதித்தை யாரும் வைப்பதாகத் தெரியவில்லையே?

பிராட்நகர்வாசி:
வைப்பதில்லை, அது உண்மை. நானும் வைக்க மாட்டேன். ஆனால் காரணம் குரலின் தரம் மட்டும் கிடையாது.

நாராயண் கோபால் (1939–1990) படத்துக்கும் பாடினார், ஆனால் அவர் உலகம் ‘ஆதுனிக் கீத்’, அதாவது வானொலிக்காகவே எழுதி இசையமைத்த நவீனப் பாட்டு. நல்ல கவிதை வேண்டும், இல்லையென்றால் பாட மாட்டார். மொத்தமாகப் பாடியவை இருநூறைக்கூட எட்டாது. நம் ஊரில் சினிமாவுக்கு வெளியே மெல்லிசை என்று ஒரு துறை வளரவே இல்லை. வானொலி மெல்லிசைப் பாட்டுகள் வந்தன, போயின. நேபாளத்தில் தலைகீழ். அங்கே மதிப்பு வானொலிப் பாட்டுக்கு, சினிமாப் பாட்டு அதற்கு அடுத்த படி. படமும் குறைவு, அதுவும் வெளியூரில் தயாரான இசை. அதனால் பின்னணிப் பாடகர் எவ்வளவு பிரபலமானாலும் அந்த மேடையில் ஏற்ற மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. நாராயண் கோபால் நேவார் சமூகத்தவர். அருணா லாமா டார்ஜிலிங்காரர். தேசிய கீதத்துக்கு இசையமைத்த அம்பர் குருங்கும் டார்ஜிலிங்தான். நேபாளி நவீன இசையைக் கட்டியவர்களில் பலர் வேறு தாய்மொழிக்காரர்கள் அல்லது எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள். அப்படிப் பார்த்தால் உதித் விதிவிலக்கே இல்லை. மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களை நாடு சுலபமாகச் சொந்தம் கொண்டாடியது, சமவெளியிலிருந்து வந்தவரிடம் மட்டும் சான்றிதழ் கேட்டது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இசைப்பித்தன்:
இந்த இழைக்கு இதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

பம்பாய்க் காலத்தையும் கொஞ்சம் நிரப்புகிறேன். 1980இல் ராஜேஷ் ரோஷன் இசையில் ‘உன்னீஸ் பீஸ்’. முதல் இந்திப் பாட்டிலேயே முகமது ரஃபியோடு சேர்ந்து பாடும் வாய்ப்பு. அதே வருடம் ஜூலையில் ரஃபி காலமானார். அதன் பிறகு எட்டு வருடம் பெரிதாக எதுவும் இல்லை. இந்த எட்டு வருடத்தை இந்திப் பத்திரிகைகள் ‘போராட்ட காலம்’ என்று எழுதும். மாதல் ரசிகன் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: ‘சிந்தூர்’, ‘குசுமே ருமால்’ எல்லாம் இந்த எட்டு வருடத்துக்குள்தான் வருகின்றன. பம்பாயில் வாய்ப்புக்கு அலைந்தவர், அதே நேரம் நேபாளத்தில் திரையில் முகம் தெரிந்த நட்சத்திரம்!

1988இல் ‘கயாமத் சே கயாமத் தக்’, ஆனந்த்-மிலிந்த் இசை. ஆண் குரல் முழுக்க இவர், பெண் குரல் அல்கா யாக்னிக். ‘பாப்பா கெஹதே ஹைன்’ அவருக்கு முதல் ஃபிலிம்ஃபேர் வாங்கிக்கொடுத்தது. மொத்தம் ஐந்து ஃபிலிம்ஃபேர், மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளின் பாட்டுகளுக்கு. பாடியதற்கான தேசிய விருது மூன்று முறை: 2001, 2002, 2004. இதில் ‘லகான்’, ‘ஸ்வதேஸ்’ பாட்டுகள் ஏ.ஆர். ரஹ்மான் இசை. ரஹ்மான் அவரைத் தமிழில் பாடவைக்க ஆரம்பித்தது அதற்கும் முன்பே, ‘காதலன்’ காலத்தில். அந்த உறவு சென்னையில் தொடங்கி தேசிய விருது வரை போயிருக்கிறது.

@சுருதிப்பெட்டி, ‘ரட்சகன்’ படத்தின் ‘சோனியா சோனியா’வையும் ‘யாரடி நீ மோகினி’யின் ‘எங்கேயோ பார்த்த மயக்க’த்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் சொற்கள் எவ்வளவு தெளிந்திருக்கின்றன என்பது தெரியும். பத்து வருட இடைவெளி.

சுருதிப்பெட்டி:
இரண்டையும் இப்போதே கேட்டேன். இரண்டாவதில் தெளிவு கூடியிருப்பது உண்மை. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் இன்னும் ஒரே ஒலிதான், அதில் என் கருத்து மாறாது. ஆனால் யுவன் அந்த மெட்டுக்கு ஏன் இவரைக் கூப்பிட்டார் என்பது புரிகிறது. முதல் காதலில் ஒருவன் திகைத்து நிற்பதை அந்தக் குரல் நடிக்காமலே சொல்லிவிடுகிறது.

பழைய ரேடியோ:
நேபாளப் பக்கம் ஒரு சேர்க்கை. 2004இல் ‘உபஹார்’ என்று ஒரு நேபாளித் தொகுப்பு வந்தது, மனைவி தீபாவோடு சேர்ந்து பாடியது. தீபாவும் நேபாளிப் பாடகிதான். அவ்வளவு வருடம் நேபாளியில் பாடியவருக்கு சினிமாவுக்கு வெளியே வந்த முதல் தனித் தொகுப்பு அதுதான். அடுத்த வருடமே போஜ்புரியில் ஒரு படம் தயாரித்தார், அதற்கு அந்த மொழியின் சிறந்த படம் என்று தேசிய விருதும் கிடைத்தது. இந்தியில் ஓட்டம் குறையத் தொடங்கிய நேரத்தில் அவர் கை நீட்டியது இந்த மொழிகள் பக்கம்.

மல்லிகைப்பந்தல்:
எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள். நேபாளி ஒரு சொல்லும் தெரியாது.

மாதல் ரசிகன்:
தெரிய வேண்டாம், இந்திப் பாட்டு கேட்ட பழக்கம் இருந்தால் பாதிச் சொற்கள் பிடிபடும்.

முதலில் ‘குசுமே ருமால்’ பாட்டுகள் முழுவதும். வரிசை பற்றிக் கவலைப்பட வேண்டாம். மாதல் எப்போது நுழைகிறது என்று மட்டும் கவனியுங்கள், அதற்கு அவர் குரல் எப்படி இடம் விடுகிறது என்பதும் கூடவே கேட்கும். பிறகு நாராயண் கோபாலின் இரண்டு மூன்று வானொலிப் பாட்டுகள், எதுவானாலும் சரி. கனமான குரல், அசையாமல் நிற்கும். பிராட்நகர்வாசி சொன்ன வேறுபாடு உடனே விளங்கும். அதற்கப்புறம் 90களின் நேபாளிப் படப்பாட்டுகள், அவற்றில் உதித் நிறைய. ராம் கிருஷ்ண டகால், ராஜேஷ் பாயல் ராய், அஞ்சு பந்த் என்று அடுத்த தலைமுறை வந்தபோது காட்மாண்டுவிலேயே நல்ல கூடங்கள் வந்துவிட்டன. பம்பாய் போகும் தேவை குறைந்தது, உதித்தின் இடமும் மெல்லச் சுருங்கியது.

கடைசியாக அவர் பாடிய மைதிலிப் பாட்டுகள். இதை அவசியம் கேளுங்கள். ரேடியோ நேபாளின் அந்தப் பழைய ஒலிப்பதிவுகளில் ஏதாவது யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள், நான் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.

பிராட்நகர்வாசி:
எழுபதுகளின் நாடாக்களைப் பற்றி அங்கே வானொலித் துறையில் இருந்த ஒரு பழைய நண்பரிடம் கேட்டுப் பார்க்கிறேன். மைதிலி நிகழ்ச்சிகள் எந்த அளவு பாதுகாக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே கேட்கிறேன். பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.